இங்கிலாந்தில் வீட்டுக்கு இலவச வெப்பக்காப்பு: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

இரண்டு குளிர்காலமாக அம்மாவின் அறைச் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். நாள் முழுக்க ஹீட்டிங் ஓடினாலும் அறை சூடாகாது. கடைசியில் ‘வோர்ம் ஹோம்ஸ்: லோக்கல் கிராண்ட்’ உதவியில் வெப்பக்காப்பு வேலை நடந்தது. இது இங்கிலாந்துக்கு மட்டுமான திட்டம்; 2025இல் தொடங்கியது, கவுன்சில்கள் வழியாக நடக்கிறது.

1. தகுதி

சொந்த வீடோ தனியார் வாடகை வீடோ இருக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 36,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை ஒன்று எடுக்க வேண்டும். ஸ்டேட் பென்ஷன் அந்த வகையில் வராது, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் வரும். சில போஸ்ட்கோடுகளுக்கு வருமானமே பார்ப்பதில்லை.

2. ஈபிசி சான்றிதழ்

வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகிறது என்று ஏ முதல் ஜி வரை தரம் போடும் சான்றிதழ் இது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வீட்டின் மதிப்பீடு டி முதல் ஜி வரை இருந்தால்தான் உதவி. அரசாங்கத் தளத்தில் போஸ்ட்கோடு போட்டுப் பார்த்தேன்: எங்கள் வீட்டுக்கு 70 புள்ளி, சி. (சி தொடங்குவது 69இல்.) குளிரில் நடுங்கும் வீட்டுக்கு சி-யா?

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கீழே உள்ள விவரங்களை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கூரைக்கு அடியில் உள்ள லோஃப்டில் 270 மில்லிமீட்டர் காப்பு என்று எழுதியிருந்தது. ஏணி போட்டு ஏறினேன். லோஃப்ட் வாசல் பக்கம் காப்புக் கம்பளி தடிப்பாகத்தான் கிடந்தது. பின்பக்கம் ஒரு பலகையை நெம்பித் தூக்கினால், அடியில் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. மதிப்பிட வந்தவர் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என் காசில் புதிய சான்றிதழ் எடுத்தேன், 64, டி. சான்றிதழ் 10 வருடம் செல்லும் என்பதால் பழைய பிழையும் அத்தனை வருடம் கூடவே வரும்.

3. விண்ணப்பம்

அரசாங்கத் தளத்திலேயே பதியலாம், பத்து நிமிட வேலை. அப்புறம் கவுன்சில் தொடர்பு கொள்ளும். எல்லாக் கவுன்சிலும் இதில் இல்லை. ‘இலவச பொயிலர்’ என்று கதவைத் தட்டுபவரை உள்ளே விடாதீர்கள். இந்தத் திட்டத்தில் காஸ் பொயிலரே கிடையாது.

4. வேலை நாள்

லோஃப்டை நீங்கள்தான் காலி செய்ய வேண்டும். இருபது வருடச் சூட்கேஸ்கள், பிள்ளைகளின் சைக்கிள், இடியப்ப உரல் எல்லாம் இறக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது.

அறைகளுக்குக் காற்றுத் துவாரமும் வைப்பார்கள், கதவின் அடியையும் கொஞ்சம் சீவுவார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “சூடாக்க வந்தவங்கள் ஏன் ஓட்டை போடுறாங்கள்?” என்று பழைய சேலைத் துண்டை அடைத்துவிட்டா. ஒரே வாரத்தில் ஜன்னலில் நீர் வழிந்தது. இடுக்குகளை அடைத்த வீட்டில் புட்டு அவிக்கும் ஆவிக்கும் உள்ளே காயும் துணியின் ஈரத்துக்கும் போக்கிடம் இல்லை. அந்த ஈரம் குளிர்ந்த இடம் பார்த்துப் படியும், பூஞ்சணம் அங்கே முளைக்கும். துவாரத்தை அடைக்கவே கூடாது.

ஈரம் உறிஞ்சும் மெஷினுக்குக் காசு கொட்டுவதை விட, மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கி அம்மாவின் கட்டில் பக்கம் வைத்தேன். 60 சதவீதத்தைத் தாண்டினால் அம்மாவே எழுந்து ஜன்னலைத் திறக்கிறா.

பின்சேர்க்கை: தாங்களும் விண்ணப்பிக்கலாமா என்று வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அவருடைய முதல் வீட்டுக்கு முழுச் செலவும் அரசாங்கத்தினுடையது என்று சொல்லிப் பாருங்கள், அநேகமாக இறங்கி வருவார்.

இன்னொருவர், சாமான்களைத் திரும்ப லோஃப்டில் ஏற்றலாமா என்று கேட்டார். கம்பளி நசுங்கினால் காப்பு குறையும். கம்பளி நசுங்காமல் தாங்குகால்கள் மேல் உயர்த்திய பலகை அடித்தால் மட்டும் ஏற்றலாம். நான் இன்னும் அடிக்கவில்லை. சூட்கேஸ்கள் ஹோலில்தான் இருக்கின்றன.