பெட்டிக்குள் லினக்ஸ் இருந்தால் மூலநிரலைக் கொடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் ரௌட்டரை வாங்கிய மாணவர் ஒருவர் அதற்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளின் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வடிவத்தைக் கேட்டு எழுதினார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் தளத்திலிருந்து அதே எண்ணுள்ள பதிப்பை இறக்கி அனுப்பிவிட்டோம். அது கம்பைல் ஆகிறது (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாறுகிறது), ஆனால் கருவியில் வைஃபை எழும்பவில்லை என்று ஒரு வாரத்தில் பதில் வந்தது. நாங்கள் சேர்த்த பேட்ச்களும் (திருத்தங்களும்) கான்ஃபிக் கோப்பும் (அமைப்புத் தேர்வுகளும்) அதில் இல்லை. அந்த வேலையைச் செய்த பொறியாளர் விலகிப் போயிருந்ததால், சரியானதைத் தேடி எடுக்க பதினொரு நாள் பிடித்தது. அந்த மாணவர் கேட்டது சலுகை அல்ல, அவருக்கு உரியது. அதை இன்றும் மறக்கவில்லை.

லினக்ஸ் கர்னலும், சிறு கருவிகளுக்கான அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸும் 1991இல் வெளியான ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகின்றன. பல்லாயிரம் பேரின் உழைப்பை விலையின்றி எடுத்துப் பெட்டியில் அடைத்து விற்கிறோம். நமக்குக் கிடைத்த மூலநிரலை நம் திருத்தங்களோடு அடுத்தவருக்கும் கொடு என்பதுதான் அதற்கு ஈடாக அவர்கள் கேட்பது. கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்பட்ட ஸ்கிரிப்ட்களும் மூலநிரலின் பகுதியே என்று உரிமமே சொல்கிறது.

ஆகவே வெளியீட்டு நாளிலேயே மூலநிரலைக் கட்டி வையுங்கள். கருவிக்கான லினக்ஸை உருவாக்கித் தரும் பில்ட்ரூட்டைப் பயன்படுத்துகிறவர்கள் 'மேக் லீகல்-இன்ஃபோ' கட்டளையை ஓட்டினால் மூலநிரல்கள், பேட்ச்கள், உரிம வாசகங்கள், பட்டியல் எல்லாம் ஒரே அடைவில் சேரும். பில்ட்ரூட்டின் சொந்த மூலநிரல் மட்டும் அதில் சேராது. அதை நீங்களே சேர்க்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கே உரிய பேக்கேஜ்களில் 'ரீடிஸ்ட்ரிபியூட்' (பிறருக்கு விநியோகிக்கலாமா) மதிப்பை 'நோ' என்று வையுங்கள். இல்லையென்றால் அவையும் கட்டுக்குள் போய்விடும்.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. இந்தத் திட்டத்தைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் புதிய கணினியையும் அந்த மூலநிரல் கட்டையும் மட்டும் கொடுங்கள். அவர் ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) உருவாக்கிக் கருவியில் ஏற்றிக் காட்டட்டும். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீ கோப்பில் விட்டுப்போன ஒரு வரி. எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு என்பதுதான் பெரும்பாலும் விடுபடும்.

மூலநிரலைப் பெட்டியோடு தராவிட்டால் எழுத்துபூர்வமான உறுதி தர வேண்டும். நான் எழுதுவது இப்படி: 'இக்கருவியில் ஜிபிஎல் உரிம மென்பொருள்கள் உள்ளன. வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை, கேட்கும் எவருக்கும் முழு மூலநிரலையும் அனுப்புகிறோம். அனுப்பும் செலவை மட்டும் பெறுவோம்.' 'எவருக்கும்' என்ற சொல்லை 'வாடிக்கையாளருக்கு' என்று மாற்றிவிடாதீர்கள். மூன்றாம் நபர் எவரும் கேட்கலாம் என்கிறது உரிமம். உரிமத்தின் முழு வாசகமும் பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கட்டும்.

சிப் தயாரிப்பாளர் தந்த மூலநிரல் இணைப்பையே காட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிறர் தந்த உறுதியை அப்படியே கடத்தும் வழி வணிகம் அல்லாத விநியோகத்துக்கு மட்டுமே உண்டு. விற்கிறவர் தாமே பொறுப்பு. சிப் தயாரிப்பாளரிடம் மூலநிரலை வாங்கிய பிறகே கொள்முதல் ஆணையில் கையெழுத்திடுங்கள். பணம் போன பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

எங்கள் சொந்த நிரலும் வெளியே போய்விடுமே என்று முதலாளிகள் அஞ்சுவார்கள். வழக்கமான சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) வழியாக மட்டும் கர்னலைப் பயன்படுத்தும் நிரல்களை இந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்ற குறிப்பு கர்னலின் உரிமக் கோப்புகளிலேயே இருக்கிறது. அதை அச்சிட்டுக் கொடுங்கள். மூலநிரலைக் கொடுத்ததால் என்ன விளையும் என்று கேட்டால் லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரைச் சொல்லுங்கள். 2003இல் அதன் மூலநிரல் வெளியே வந்தது. அதிலிருந்து ரௌட்டர்களுக்கான திறந்தமூல லினக்ஸ் அமைப்பான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. இன்று பல நிறுவனங்களின் ரௌட்டர்களுக்கு அதுவே அடித்தளம்.

பெட்டியில் ஜிபிஎல் அல்லாத உரிமங்களில் வரும் மென்பொருள்களும் இருக்கலாம். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் பதிப்புரிமை வரிகளையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் கொடுத்தால் போதும். அப்பாச்சி 2.0 என்றால் 'நோட்டீஸ்' கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து, மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும்.

மூன்று ஆண்டுக் கணக்கைக் கடைசிப் பெட்டி விற்ற நாளிலிருந்து எண்ணுங்கள். கட்டின் ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியேயும் இருக்கட்டும். மூலநிரல் கேட்பதற்கான மின்னஞ்சல் முகவரியைத் தனி ஒருவர் பெயரில் வைக்காமல் இரண்டு பேருக்காவது போய்ச் சேரும்படி அமையுங்கள். பிறகு வெளியாள் ஒருவரைவிட்டு அதற்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி, எத்தனை நாளில் பதில் வருகிறது என்று பாருங்கள்.