சூரியனைப் பார்க்கக் கலர் பில்டர்: எது, எங்கே, எப்போது

முதலில் ஒன்று. கலர் பில்டர் கண்ணைக் காப்பாற்றாது. பச்சையோ சிவப்போ, எவ்வளவு கடும் நிறமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களை அது தாராளமாக உள்ளே விடும். விழித்திரைக்கு நோவு தெரியாது, எரிந்து முடிந்த பிறகுதான் விஷயமே தெரியவரும். அதனால் தொலைகாட்டியின் முன்வாய் முழுவதையும் மூடுகிற சூரியப் படலம் போட்ட பிறகுதான் கலர் பற்றிய பேச்சே.

பாடர் அஸ்ட்ரோசோலர் படலத்தில் 5.0 என்று போட்டதை வாங்குங்கள். இலட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் அது விடும். 3.8 என்று இருந்தால் அது படமெடுக்க மட்டும், அதில் கண் வைக்கக் கூடாது. ஏ4 அளவுத் தாளாகவும் கிடைக்கிறது, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொன்னால் ஒரு கொப்பிக்குள் வைத்தே கொண்டுவந்துவிடுவார். தடித்த மட்டையில் வளையம் செய்து, குழாயில் இறுக்கமாகப் பொருத்தி, மேலே ரேப்பும் ஒட்டுங்கள். சோழகக் காற்றடிக்கிற மாதங்களில் ரேப் இல்லாத வளையத்தை நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு முறையும் பூட்டும் முன் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஊசித்துளையோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி பார்க்கப் பெரிய குழாயின் மேல் பூட்டியிருக்கிற சின்னத் தேடு தொலைகாட்டிக்கும் மூடி போடவேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிறகு குறி வைப்பது எப்படி என்றால், குழாயின் நிழல் நிலத்தில் ஆகச் சிறிதாகும் வரை திருப்புங்கள், சூரியன் உள்ளே வந்துவிடும்.

மலிவுத் தொலைகாட்டியோடு ‘சன்’ என்று எழுதிய குட்டிக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும், பார்வைத்துண்டில், அதாவது ஐபீஸில், திருகிப் போடுவதற்கு. குவிந்த வெயில் பட்டுச் சூடேறி அது வெடிக்கும். உடைத்துக் குப்பையில் போடுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்கு வாங்கிய கடதாசிக் கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கிறதே என்று அதைப் போட்டுக்கொண்டு தொலைகாட்டிக்குள் பார்க்கவும் வெளிக்கிடாதீர்கள், அது வெறுங்கண்ணுக்கு மட்டும்.

சரி, இனிக் கலர். இந்தப் பில்டர் பார்வைத்துண்டின் அடிப்பக்கத்தில் திருகுகிற சிறு வளையம்தான், 1.25 அங்குலம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பச்சை. ஏன் பச்சை? நம்மில் பலரிடம் இருப்பது 70 அல்லது 80 மில்லிமீற்றர் சாதாரண வில்லைத் தொலைகாட்டி. அது எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது, பச்சையில் நன்றாகக் குவித்து, நீலத்தையும் கடும் சிவப்பையும் சுற்றிவர மங்கலாகப் பரப்பிவிடும். பச்சைப் பில்டர் அந்த மங்கலை வெட்டி எறிகிறது. அதோடு நம் கண்ணே 555 நனோமீற்றர் அலைநீளத்தின் பக்கம், பச்சையில்தான், ஆகக் கூர்மை. சூரியப் புள்ளியின் கருமையான நடுப்பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் வளையத்துக்கும் இடையிலுள்ள எல்லை சட்டென்று தெளியும். காற்று அசையாத நேரமென்றால் சூரிய முகம் முழுக்கச் சோற்றுப் பருக்கை பரப்பியதுபோல ஒரு நுண்ணிய மணியமைப்பும் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் அகலம், பத்து இருபது நிமிடத்துக்குள் கலைந்து வேறாகிவிடும். பில்டர்களை நிறத்துக்கு ஒரு இலக்கம் போட்டுத்தான் விற்பார்கள். சின்ன வில்லைக்கு 56ஆம் இலக்க இளம்பச்சை போதும், 58 கடும்பச்சை, வெளிச்சத்தில் முக்கால் பங்கை அதுவே விழுங்கும். காசு இருந்தால் 540 நனோமீற்றரைச் சுற்றி ஒரு சிறு பட்டையை மட்டும் விடுகிற சோலர் கொன்டினியூம் பில்டர் இருக்கிறது. அதுவும் பச்சைதான், ஆனால் இன்னும் கண்டிப்பானது.

ஒரு சிக்கல். முன்படலம் சூரியனை வெள்ளையாகக் காட்டினால்தான் இதெல்லாம் சரிவரும். செம்மஞ்சளாகக் காட்டுகிற கறுப்புப் படலம் போட்டவர்களுக்கு உள்ளே வரும் பச்சையே கொஞ்சம், அதற்கு மேல் பச்சைப் பில்டரும் போட்டால் இருட்டுத்தான் மிச்சம்.

நீலம் ஒரேயொரு வேலைக்கு நல்லது. சூரிய விளிம்புக்குக் கிட்ட வெளிர்த் திட்டுகளாகத் தெரிகிற பாக்குலே, 80ஏ நீலத்தில் கொஞ்சம் எடுப்பாக வரும், ஏனென்றால் வெப்பநிலை வித்தியாசம் குறுகிய அலைநீளத்தில்தான் கூடத் தெரியும். ஆனால் காற்றின் நடுக்கமும் நீலத்தில்தான் கூட. சிவப்பு இதற்கு நேர்மாறு: 23ஏ போட்டால் படம் கொஞ்சம் அடங்கி நிற்கும், ஆனால் வித்தியாசங்கள் சப்பென்று போகும். பச்சையிலும் படம் கொதிப்பதுபோல ஆடுகிற நாளில் மட்டும் சிவப்பை எடுங்கள். சிவப்புப் பில்டரில் சூரியச் சுவாலை தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. அதற்கு 656.28 நனோமீற்றரில் மயிரிழை அளவு மட்டும் திறக்கிற ஹைட்ரஜன் அல்பா கருவி வேண்டும், விலையும் வேறு உலகம்.

உண்மையில் பில்டரைவிட நேரமும் இடமும்தான் பெரிது. யாழ்ப்பாணத்தில் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் பாருங்கள், அதற்குப் பிறகு சீமெந்து முற்றமும் தகரக் கூரையும் சூடேறி, எந்த நிறம் போட்டாலும் படம் ஆடும். புல்தரை நல்லது. தண்ணீர்ப் பக்கம் அதைவிட நல்லது, பண்ணைக் கடலேரிக் கரையில் கிழக்குப் பக்கம் தண்ணீர் வரும்படி நின்று பாருங்கள், நிலம்போலத் தண்ணீர் சட்டென்று சூடேறாது. கலிபோர்னியாவின் பிக் பெயார் சூரிய அவதான நிலையத்தை ஏரிக்குள் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். ஏப்ரல் நடுவில் நண்பகல் பார்க்க நினைக்காதீர்கள், சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கழுத்தும் வளையாது, வெயிலும் விடாது. தலைக்கு மேலே கறுத்தத் துவாயோ சாரமோ போட்டுக்கொண்டால் பக்கத்து வெளிச்சம் மறைந்து பாதிப் பில்டர் வேலையை அதுவே செய்யும். பார்த்து முடிந்ததும் கடற்காற்று பட்ட படலத்தைத் துணியால் தேய்க்க வேண்டாம். ஊதுகுமிழால் தூசை ஊதிவிட்டு, சிலிக்கா ஜெல் பக்கெற்றோடு டப்பாவில் மூடி வையுங்கள்.