கங்காவைப் பற்றி மனம் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை வகுப்பில் நாலு பேரோடு பேசிவிட்டு வந்தால், அதன் நாயகி கங்காவைப் பற்றி முன்பு நினைத்தது அப்படியே நிற்காது. சரி, மாறட்டும். ஆனால் மாறிய கருத்தைக் கட்டுரையாக்கும்போது சில தவறுகள் வழக்கமாக நுழைந்துவிடுகின்றன.

பெரிய தவறு, சிறுகதையின் பெண்ணையும் நாவலின் கங்காவையும் ஒருத்தியாக்கிவிடுவது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிப் போய்க் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, உன்மேல் கறையே இல்லை என்கிறாள். அந்தக் கதையிலிருந்து வளர்ந்த நாவலில், கங்காவின் அம்மா அப்படிச் செய்யவில்லை. விஷயம் வெளியே தெரிந்துபோகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். விவாதத்தில் யாராவது "தண்ணீர்தான் முக்கியமான குறியீடு" என்பார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். கங்காவின் தலையில் அந்தத் தண்ணீர் விழவே இல்லையே! பல வருஷம் கழித்து, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையாகத்தான் அதை அவள் படிக்கிறாள். தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஓர் அம்மாவை அச்சில் பார்க்கிறாள். குறியீட்டைப் பற்றி எழுத வேண்டுமானால் இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். சிறுகதையில் அம்மா துப்பச் சொல்லும் சூயிங்கம்கூட இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான்: எதைக் கழுவலாம், எதைத் துப்பிவிடலாம் என்று யார் முடிவு செய்வது?

அடுத்தது, பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. கங்கா என்றால் நதி, நதி என்றால் புனிதம் என்று முதல் பத்தியிலேயே முடித்துவிட்டால், தன்னைக் கெடுத்தவனும் பின்னால் தன்னோடு பழகுகிறவனுமான பிரபு விலகிய பிறகு குடிக்கத் தொடங்கும் கங்காவை எங்கே வைப்பீர்கள்? அந்த முடிவைத் தண்டனை என்று படிப்பதும் அவசரம்தான். பின்னால் வந்த 'கங்கை எங்கே போகிறாள்' நாவலை இங்கே துணைக்கு இழுக்காதீர்கள், அது தனி நாவல்.

கங்காவின் தாய்மாமன் வெங்கு மாமா பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எழுதுகிறவர்களும் உண்டு. கெடுத்தவனைத் தேடிப் பிடி என்று சவால் விடும் அந்த மனிதர் கங்காவிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்தாலே போதும், அந்தத் தர்மோபதேசத்தின் லட்சணம் தெரிந்துவிடும். இந்த நாவலை வைத்து 1977இல் வந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவரின் வாதத்தையும் நாவலில் ஒருமுறை சரிபாருங்கள்.

வகுப்பு விவாதம் சீக்கிரமே பஞ்சாயத்தாகிவிடும்: கங்கா மேல் தப்பா, பிரபு மேல் தப்பா? நேற்று 'பாவப்பட்டவள்' என்று எழுதியவர் இன்று 'புரட்சிப் பெண்' என்று எழுதினால், அது மறுவாசிப்பு ஆகாது; தீர்ப்பை மாற்றியதுதான். கெடுத்தவன் என்று தெரிந்தே பிரபுவோடு ஏன் பழகுகிறாள் என்ற கேள்விக்கு இரண்டு பட்டமும் பதில் சொல்லவில்லை. பேசப் போகும் முன் உங்கள் வாசிப்பை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நாவலின் எந்தப் பக்கம் உங்கள் மனதை மாற்றியது என்று தேடிப் பாருங்கள். பக்கம் எதுவும் அகப்படாமல், சத்தமாகப் பேசிய தோழியின் குரல் மட்டும் நினைவுக்கு வந்தால், பழைய வரிகளை இன்னும் அடிக்க வேண்டாம்.