பலாலிக்குப் போகும் வழியில் கீரிமலையில் ஒரு முழுக்கு

ஊருக்கு வந்த உறவுகள் திரும்பிப் போகும் நாளில் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளாது. பெட்டி கட்டியாகிவிட்டது, பலாலி விமான நிலையத்தில் விமானம் ஏறுவதோ பிற்பகலில். அந்தக் காலை நேரத்தை யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள கீரிமலை நன்னீர்க் கேணிக்குக் கொடுங்கள். சென்னைக்குப் புறப்பட்ட என் சித்தியை அப்படித்தான் அழைத்துப் போனேன். 1990 இல் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்தவர் அவர். அந்தக் கேணியில் மறுபடி கால் வைக்கவே அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்.

முதலில் நேரம். புறப்படும் நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். விமான நிலையத்துக்குள் நுழைய வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 3.30 க்கு விமானம் என்றால் 12.30 க்கு அங்கே நிற்க வேண்டும். குளிப்புக்கும் கும்பிடுவதற்கும் ஒன்றரை மணி, பாதைக்கு ஒன்றரை மணி. ஆகவே 9.30 க்குப் படலையைத் தாண்டிவிடுங்கள்.

அடுத்தது வண்டி. பெட்டிகளோடு ஓட்டோ சரிவராது, வான்தான் நல்லது. காத்திருப்பதற்கும் சேர்த்தே வாடகை பேசிக்கொள்ளுங்கள். பெட்டிகளோடு வீட்டு ஆள் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். கடவுச்சீட்டும் டிக்கெட்டும் குளிக்காத அந்த ஆளின் கையில்.

காங்கேசன்துறை வீதியைப் பிடித்தால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். நிலாவரைக் கிணற்றையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது புத்தூர்ப் பக்கம், வேறு வீதி. இன்றைக்கு வேண்டாம். கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற இளவரசியின் கதையை மாவிட்டபுரம் கோயில் வாசலில் சொல்லிவிட்டு, இடப்பக்கம் திரும்புங்கள்.

கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான். அந்தப் பக்கம் உப்பு அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் நன்னீர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான் நிலத்துக்கடியில் ஓடிவந்து இங்கே ஊறுகிறது. பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி உண்டு. நீருக்குள் இருக்கும் படிகளில் பாசி பிடித்திருக்கும், பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள். குளித்தபின் பக்கத்துச் சிவன் கோயிலான நகுலேஸ்வரர் சந்நிதி. உச்சிப் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள், அதனால் நேரத்தோடு போங்கள்.

இனி நாங்கள் சறுக்கிய இடம். சித்தி நூல் சேலையோடு முழுகினார். பிழிந்து, ஒரு பையில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். வீட்டில் தராசில் தூக்கிப் பார்த்தபோது அனுமதித்த எடைக்கு மட்டுமட்டாக இருந்த பெட்டி அது. ஈரச் சேலையும் துவாயும் சேர்ந்ததும் கவுண்டரில் எடை மிஞ்சிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்தால், பனங்கட்டி வைத்திருந்த ஓலைக் குட்டான் (சிறு பெட்டி) ஊறி, பனங்கட்டி பாகாகி மிளகாய்த்தூள் பொதி வரை இறங்கியிருந்ததாம். சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது சித்தியின் குரல் உடைந்தது. அக்காள் கையால் இடித்த தூள் அது.

ஆகவே ஈர உடுப்பு எதுவும் பயணியோடு போகக் கூடாது. குளிக்கப் பழைய துணி ஒன்றை உடுத்துக்கொண்டு, அதை வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். துவாய்க்குப் பதில் மெல்லிய பழைய சாரத் துணி போதும், நன்றாகத் துவட்டும். மாற்று உடுப்பு பூட்டிய பெட்டிக்குள் அல்ல, கைக்கெட்டும் துணிப்பையில். கேணித் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள்.

கடைசிப் பகுதி கீரிமலையிலிருந்து கிழக்கே பலாலிக்கு. கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் குறுக்குப் பாதைகளை நம்ப வேண்டாம். சில இராணுவ வலயத்துத் தடுப்பில் போய் முடியும். விமான நிலையத்துக்கு அடிக்கடி ஆட்களை ஏற்றிப்போகும் சாரதியின் சொல்லைக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் ஆடி அமாவாசையன்று போய்ச் சனத்துக்குள் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பிதிர்க்கடன் செய்ய ஊரே திரளும் நாள் அது. அன்று விமானம் இருந்தால் நேராகப் பலாலிக்கே போய்விடுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை எப்படி இறக்குவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இறக்க வேண்டாம். மேற்படியில் இருத்தி, ஒரு செம்பால் அள்ளித் தலையில் ஊற்றிவிடுங்கள். செம்பை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.