பெர்செஃபனி: பேருக்கு அர்த்தம் எழுதறப்போ தவிர்க்க வேண்டிய தப்புங்க

குழந்தைப் பேருக்கு அர்த்தம் தேடித் தர்றத பல வருஷமா பண்ணிட்டு வரேன். இப்ப புதுசா ஆரம்பிச்சவங்க, நான் அன்னைக்குப் பண்ண அதே தப்ப அப்படியே பண்றதப் பாத்தா மனசு கேக்கல. பெர்செஃபனிங்கறது கிரேக்கப் புராணத்துல வர்ற பெண் தெய்வம், பாதாளத்தோட ராணி. ஸ்பெல்லிங் மாதிரி விஷயத்தையெல்லாம் விட்டுடறேன்.

"அழிவைக் கொண்டுவருபவள்"னு எழுதறது

நெட்ல பாதி லிஸ்ட்ல இதான் இருக்கு. கிரேக்கத்துல ஃபெரெய்ன்னா கொண்டுவர்றது, ஃபோனோஸ்னா கொலை, சத்தம் ஒத்துப்போகுதேன்னு அந்தக் காலத்துலயே ரெண்டையும் ஒட்டி விளக்கம் சொல்லிட்டாங்க. ஜனங்க இந்தப் பேருக்கே பயப்படறாங்கன்னு கிரேக்க தத்துவஞானி பிளேட்டோவோட கிராட்டிலஸ்ங்கற நூல்லயே வருது. ஒரு தம்பதிக்கு நானும் அதையே எழுதிக் குடுத்தேன், வயித்துல இருக்கறப்பவே புள்ளைய அந்தப் பேர் சொல்லிக் கொஞ்சிட்டு இருந்தவங்க, வீட்ல பாட்டி அழுதுட்டாங்கன்னு ஒரே ராத்திரில பேர மாத்திட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

ஏன்னா அந்த அர்த்தம் வெறும் சத்தத்த வச்சு ஒட்டினது. கி.மு. 5-ம் நூற்றாண்டு ஏதென்ஸ் பானைகள்ல இந்தப் பேரு பெர்சோஃபத்தான்னு எழுதியிருக்கு. அத வச்சு ருடால்ஃப் வாக்டர்ங்கிற மொழியியல் அறிஞர் சொல்றது, முன்பாதி கதிர்க்கட்டு, பின்பாதி அடிக்கிறது. கிரேக்கத்துக்குச் சொந்தக்கார மொழியான சமஸ்கிருதத்துலயும், ரிக்வேதம் 10-ம் மண்டலத்துல "களத்துல கதிர்க்கட்ட அடிக்கிற மாதிரி"ன்னு ஒரு வரி இருக்கு, அங்கயும் கட்டுக்கு "பர்ஷ", அடிக்கிறதுக்கு "ஹன்". ஆக, கதிரடிக்கிறவ! தானியத்துக்கே தெய்வமான டிமீட்டரோட பொண்ணுக்கு இதவிடப் பொருத்தமா என்ன வேணும்? கிரேக்கத்துக்கு முந்தின மொழிச் சொல்லா இருக்கலாம்னும் ஒரு கருத்து உண்டு, அதனால எத எழுதினாலும் "இப்படி ஒரு விளக்கம்"னு சேத்து எழுதுங்க.

கோரே

அது பெர்செஃபனியோட இன்னொரு பேரு. "பொண்ணு"ங்கற அர்த்தம் அதுக்குத்தான், பெர்செஃபனிக்கு அத எழுதிடாதீங்க.

உச்சரிப்பு

இங்கிலீஷ்ல phone-னு முடியற மாதிரி எழுதினாலும், கடைசில "ஃபோன்" இல்ல, "ஃபனி".

ஆறு மாசக் கதை

பாதாளத்துல மாதுளை முத்து தின்னதால பெர்செஃபனிக்கு ஆறு மாசம் பாதாளம், ஆறு மாசம் மேலன்னு எல்லாரும் எழுதறாங்க. அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு ரோம் கவிஞர் ஓவிட் சொன்னது. அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே வந்த டிமீட்டர் துதிப்பாட்டுல வருஷத்துல மூணுல ஒரு பங்குதான் பாதாள ராஜா ஹேடீஸ்கிட்ட. அம்மாகிட்ட இருக்கறது மீதி ரெண்டு பங்கு, பேர் கேட்டு வர்ற அம்மாக்கள்ட்ட இத நான் சொல்லாம விடறதே இல்ல.