தோமியே கல்லச்சுப் படங்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் சேன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடைகளில், 19ஆம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களைத் தேடி வரும் புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, ஈர அறையில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். தெரியாமல் பணத்தை இழக்கிற இடங்களைப் பற்றித்தான் இது.

பிற்காலத்தில் ஏற்றிய வண்ணத்துக்குக் காசு கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே வரைந்த கல்லச்சுப் படங்கள் (கல்லின் மேல் மெழுகுச் சுண்ணத்தால் வரைந்து அச்செடுத்தவை) சுமார் 4000. அவற்றில் பெரும்பாலானவை, ஷார்ல் பிலிப்போன் 1832 டிசம்பரில் தொடங்கிய 'லெ ஷாரிவாரி' நாளிதழில் வந்தவை. நான்கு பக்கப் பத்திரிகை. மூன்றாம் பக்கத்தில் படம், அதன் பின்புறம் நான்காம் பக்கத்து எழுத்தும் விளம்பரமும். இதைத்தான் செய்தித்தாள் பிரதி என்கிறோம். அதே படத்தை நல்ல வெள்ளைத்தாளில், பின்புறம் எதுவும் அச்சிடாமல், ஓபேர் பதிப்பு நிறுவனம் தனியாகவும் ஆல்பமாகவும் விற்றது. அந்த வெள்ளைத்தாள் பிரதிகளில் சிலவற்றுக்கு அப்போதே கையால் வண்ணம் தீட்டினார்கள். நாளிதழோ கறுப்பு வெள்ளையாகத்தான் வாசகர் கைக்குப் போனது.

ஆக, முன்னால் வண்ணமும் பின்னால் அச்செழுத்தும் இருந்தால், அந்த வண்ணம் பிற்பாடு யாரோ சுவர் அலங்காரத்துக்காக ஏற்றியது.

சமீபத்தில் ஓர் இளைஞர், வழக்கறிஞர்களைக் கேலி செய்து 1845 முதல் 1848 வரை வந்த தொடரிலிருந்து ஒரு படத்தைச் சட்டமிட்டபடியே கொண்டுவந்தார். 'அக்காலத்து வண்ணம்' என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். சட்டத்தைப் பிரித்துத் திருப்பினோம். முழுக்க விளம்பரங்கள். அந்தத் தொடரின் உயிரே வழக்கறிஞர் அங்கியின் கறுப்புதான். மெழுகுச் சுண்ணத்தை மெல்ல உரசியும் அழுத்தியும் சாம்பலிலிருந்து அடர்கறுப்பு வரை தோமியே கொண்டுபோகும் விதத்துக்காகவே அதை வாங்கலாம். அதன்மேல் யாரோ கத்தரிப்பூ நிறத்தை அப்பியிருந்தார்கள். கழுவி எடுக்கவும் முடியாது, செய்தித்தாளில் வண்ணம் இழைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல பிரதி பாழாகிறது. வாங்க ஆள் இருக்கும்வரை பாழாக்குவதும் நிற்காது.

வாங்குமுன் சட்டத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: படத்தில் வானம், சுவர் போன்ற வெற்றிடங்களில் பின்பக்க எழுத்து இடவலம் மாறி மங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். தாள் மடிந்த கோட்டில் வண்ணம் தேங்கி நின்றால், மடிப்பு விழுந்த பிறகுதான் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்கால வண்ணப் பிரதிகளில் அடர்ந்த பகுதிகளின் மேல் பிசின் பூசிய மினுமினுப்பு பல சமயம் இருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அதற்காக வண்ணம் என்றாலே ஒதுங்கவும் வேண்டாம். பிலிப்போனின் முந்தைய வார இதழான 'லா கரிகாத்யூர்' (1830–1835) படங்களைத் தனித் தாளில் தந்தது. அவற்றில் சில அன்றே வண்ணத்தில் வந்தவை.

எண்ணையும் கையெழுத்தையும் தவறாகப் புரிந்துகொள்வது

மேலே '12' என்று இருந்தால் அது தொடரில் பன்னிரண்டாவது படம், அவ்வளவுதான். 'இத்தனையில் இத்தனையாவது பிரதி' என்று எண்ணிடும் வழக்கம் அப்போது இல்லை. தோமியேயின் கையெழுத்து கல்லிலேயே இருக்கும், படத்தோடு அச்சாகும். பென்சில் கையெழுத்தைக் காட்டி விலை ஏற்றினால் வாங்காதீர்கள். அடையாளம் காண, லோயி டெல்தேய் 1925 முதல் 1930 வரை பத்துத் தொகுதிகளாக வந்த பட்டியலில் கொடுத்த எண்தான் எல்லோரும் பயன்படுத்துவது.

வாசகத்தை வெட்டிவிடுவது

சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழே உள்ள உரையாடலை நறுக்குகிறார்கள். கேலியில் பாதி அங்கேதான் இருக்கிறது. ரொபேர் மக்கேர் என்ற மோசடிக்காரனை வைத்து 1836இல் தொடங்கிய தொடருக்கு அந்த வரிகளை எழுதியவர் பிலிப்போன்.

செல்லோ டேப்

எங்கேயும் வேண்டாம்.

வீட்டில் ப்ளீச் போடுவது

பழுப்பு போகும், தாளும் போகும்.

பேரிக்காய் ராஜாவை மட்டும் துரத்துவது

பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பைப் பேரிக்காயாக வரைந்த படங்களுக்குக் கிராக்கி அதிகம். மன்னரைப் பெருந்தீனி அரக்கனாகக் காட்டி 1831இல் வரைந்த 'கார்கான்துவா' படத்துக்காக தோமியே சிறைக்கே போனார். அந்தக் காலத்து அரசியல் படங்கள் விலை உயர்ந்தவை, நகல்களும் நிறைய. பூதக்கண்ணாடியில் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது புகைப்பட முறையில் அச்சிட்ட நகல். உண்மையான கல்லச்சில் சுண்ணத்தின் துகள் தடங்கள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்.

1835 செப்டம்பர் சட்டங்கள் அரசியல் கேலியின் வாயை அடைத்தபின், வீட்டுக்காரர்கள், வாடகைதாரர்கள், வைத்தியர்கள், ரயில் பயணிகள் பக்கம் தோமியே திரும்பினார். குறைந்த விலையில் நல்ல படம் வேண்டுமானால் அங்கே தேடுங்கள்.

1870க்குப் பிந்தைய அச்சில் பழைய மென்மையை எதிர்பார்ப்பது

அப்போது ஷாரிவாரி ஜில்லோத்தாஜ் முறைக்கு மாறியிருந்தது. படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, மேடாக அரித்தெடுத்து, எழுத்தோடு சேர்த்தே அச்சிடுவார்கள். கோடு உடைந்து கரடுமுரடாக இருக்கும். பிரான்ஸ்–பிரஷ்யப் போர்க்காலத்துப் படங்கள் பலவும் இப்படித்தான் கிடைக்கின்றன. படத்துக்காக வாங்குங்கள், 1840களின் வெள்ளைத்தாள் பிரதிக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.