அரசு வேலை விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறோம்?

அரசு வேலை தேடுகிறவர்களில் பலர் சறுக்குவது தேர்வில் அல்ல, அதற்கு முன்பே, அறிவிக்கையைப் படிப்பதில். சம்பளம், காலியிடம், கடைசி நாள் மூன்றையும் பார்த்துவிட்டு நேராக விண்ணப்பத்தை நிரப்பப் போய்விடுகிறார்கள். வயதும் கல்வித் தகுதியும் எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படும் என்ற வரி நடுவில் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். அந்தத் தேதிக்கு மறுநாள் பட்டம் வாங்கினாலும் பயனில்லை.

"ஒரு நாள்தானே, பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று கோபப்படுவோம். பார்த்துச் செய்ததால் வந்த வினைதான் இந்தக் கறார். அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை 1881இல் சுட்ட சார்லஸ் கிட்டோ, தேர்தலில் உழைத்ததற்குத் தூதரகப் பதவி கேட்டு நச்சரித்து ஏமாந்தவர். அந்தக் கொலைக்குப் பிறகு, 1883இல் அங்கே பெண்டில்டன் சட்டம் வந்து, சிபாரிசுக்குப் பதிலாக ஒரு பகுதிப் பணியிடங்களுக்காவது தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் அரசுப் பணி பற்றிய 1854ஆம் ஆண்டின் நார்த்கோட்-ட்ரெவெலியன் அறிக்கை இதை முன்பே வலியுறுத்தியிருந்தது. சிபாரிசை ஒழிக்க வந்த முறை என்பதால், விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் நீங்கள் எழுதாததை ஊகித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது.

ஆகவே "அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கோப்புகளைப் பராமரித்த அனுபவம் கேட்டிருந்தால், எந்தக் கோப்புகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, முழு நேரமா பகுதி நேரமா என்று அறிவிக்கையின் சொற்களிலேயே எழுதுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது.

பதவிப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. 'உதவியாளர்' என்பவர் ஒரு துறையில் நாள் முழுக்கக் கணினி முன்னால் இருப்பார். இன்னொன்றில் வெயிலில் கள ஆய்வுக்குப் போவார். தொடக்கநிலைப் பதவி என்று அலட்சியப்படுத்துமுன் அதற்கு மேல் பதவி உயர்வு உண்டா என்று விசாரியுங்கள். சம்பளத்தைவிட அதுதான் முக்கியம் என்பேன். நிரந்தரமா ஒப்பந்தமா, தகுதிகாண் பருவம் (வேலையை உறுதிசெய்யுமுன் சோதித்துப் பார்க்கும் காலம்) எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுத்தால் வேலை என்பவரோடு பேச்சே வேண்டாம்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நியமன ஆணை கைக்கு வந்து, சேரும் தேதியும் உறுதியான பிறகு ராஜினாமா கடிதம் கொடுத்தால் போதும்.